புகார் சொல்லும் கன்ட்ரோலரை விட்டுவிட்டு ஒயரைப் பாருங்கள்

பழைய பொக்லைன் இயந்திரம் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென மானிட்டரில் தொடர்புப் பிழை என்று எச்சரிக்கை வரும். இன்ஜின் வேகம் ஏற மறுக்கும், பூம் மந்தமாகத் தூக்கும். சாவியை அணைத்து மறுபடி போட்டால் சிறிது நேரம் எல்லாம் ஒழுங்காக இருக்கும், பிறகு அதே கதை. கன்ட்ரோலர், அதாவது இயந்திரத்தின் வேலையைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி, போய்விட்டது என்று முடிவுகட்டி, பெரும் பணம் கொடுத்து வேறொன்றை மாட்டிவிட்டு, அதே பிழையை மறுபடி பார்ப்பவர்கள் ஏராளம். இந்தச் செலவு பெரும்பாலும் தேவையற்றது. ஒரு சாதாரண மல்டிமீட்டரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால், பழுது எந்தப் பக்கம் என்பதையாவது கண்டுபிடித்துவிடலாம்.

இன்ஜினுக்கு ஒரு கன்ட்ரோலர், ஹைட்ராலிக் பம்புக்கும் வால்வுகளுக்கும் இன்னொன்று, ஆபரேட்டர் முன்னால் மானிட்டர். இவை தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரே ஜோடி ஒயர்தான். இந்த முறைக்கு கேன் என்று பெயர். பாஷ் நிறுவனம் கார்களுக்காக உருவாக்கி 1986-ல் வெளியிட்டது. கனரக இயந்திரங்களில் இதன்மேல் ஜே1939 என்ற விதித்தொகுப்பைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். வேகம் வழக்கமாக நொடிக்கு 2,50,000 பிட்.

ஜோடியில் ஒன்று கேன் ஹை, மற்றொன்று கேன் லோ. யாரும் பேசாதபோது இரண்டிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் இருக்கும். தகவல் போகும்போது ஹை 3.5-க்கு ஏறும், லோ 1.5-க்கு இறங்கும். கேட்கும் கன்ட்ரோலர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது. பக்கத்தில் ஆல்டர்னேட்டரோ சோலனாய்டோ கிளப்பும் மின்இரைச்சல் இரண்டு ஒயரையும் ஒரே அளவில் தாக்குவதால் வித்தியாசம் மாறாது. இரண்டையும் முறுக்கி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். முறுக்கைப் பிரித்து நீளமாக ஒட்டுப்போட்ட ஒயர் இந்தப் பாதுகாப்பை இழந்துவிடுகிறது.

சாவியை அணைத்துப் போட்டால் ஏன் சரியாகிறது? ஒவ்வொரு கன்ட்ரோலரும் தன் பிழைகளைத் தானே எண்ணுகிறது. அனுப்பும் தகவல் கெட்டுப்போனால் கணக்கில் 8 கூடும், நல்லபடியாகப் போனால் 1 குறையும். கணக்கு 255-ஐத் தாண்டினால், மற்றவர்கள் பேசுவதைக் கெடுக்காமலிருக்க அது தானாகவே விலகி மௌனமாகிவிடும். சாவியை அணைத்துப் போடும்போது கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. கெட்ட இணைப்பு அங்கேயே இருக்கிறது. எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை உண்டு, ஒன்றின் பழுது மற்றவற்றை முடக்காமல் காப்பது இதுதான். ஆனால் பழுது பார்ப்பவரைக் குழப்புவதும் இதுவே. மௌனமான கன்ட்ரோலர் புகார் சொல்லாது. அதனிடமிருந்து தகவல் எதிர்பார்த்து ஏமாந்தவைதான் எர்ரர் கோடு போடும்.

அதனால் எர்ரர் கோடு எண்ணைப் படிக்கும்போது, யார் புகார் சொல்கிறார் என்பதோடு யாரைப் பற்றிச் சொல்கிறார் என்றும் பார்க்க வேண்டும். ஜே1939 கோடில் எஸ்.பி.என். என்பது எதில் பழுது என்பதையும், எஃப்.எம்.ஐ. என்பது எந்த வகைப் பழுது என்பதையும் சொல்லும் எண்கள். எஸ்.பி.என். 639 என்பது அந்த வலையமைப்பையே குறிக்கும். எஃப்.எம்.ஐ. 9 என்றால் தகவல் உரிய நேரத்தில் வரவில்லை. 19 என்றால் வந்த தகவலே பிழையானது. மூன்று கன்ட்ரோலர்கள் ஒரே ஒருவரைப் பற்றிப் புகார் சொன்னால், அந்த ஒருவரின் மின்சாரம், எர்த், கனெக்டர் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள். தேய்ந்த எர்த் இணைப்பும், ஸ்டார்ட் செய்யும்போது சரியும் பேட்டரி மின்னழுத்தமும் தொடர்புப் பழுது போலவே வேஷம் போடும்.

அடுத்தது ஒயர் ஜோடியின் ரெசிஸ்டன்ஸை அளப்பது. கிணற்றுச் சுவரில் குரல் மோதித் திரும்புவதுபோல, ஒயரின் முனையில் சிக்னல் எதிரொலித்துத் திரும்பும். அதை விழுங்குவதற்காக இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஹைக்கும் லோவுக்கும் இடையே அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். ஒன்பது ஊசி (பின்) கொண்ட டயக்னாஸ்டிக் கனெக்டர் இருந்தால் அதில் சி ஊசி ஹை, டி ஊசி லோ. 120 காட்டினால் ஒரு ரெசிஸ்டர் இல்லை, அல்லது பிரதான ஒயர் நடுவில் அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவதைச் சேர்த்திருக்கிறார்கள். பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு ஒயரும் எங்கோ உரசி ஷார்ட் ஆகியிருக்கின்றன. சில இயந்திரங்களில் இப்படிப்பட்ட ஜோடி ஒன்றுக்கு மேல் உண்டு, எதை அளக்கிறோம் என்பதை வயரிங் வரைபடத்தில் பார்த்துக்கொள்வது நல்லது.

60 வந்துவிட்டது என்று நிம்மதியடையவும் முடியாது. பிரதான ஒயரிலிருந்து ஒரு கன்ட்ரோலருக்குப் பிரியும் கிளை அறுந்திருந்தாலும் மீட்டர் 60 என்றே காட்டும். பேட்டரியை மாட்டி, சாவியைப் போட்டு, அந்தக் கன்ட்ரோலரின் கனெக்டரிலேயே எர்த்துக்கு எதிராக அளந்து பாருங்கள். ஹை 2.5-க்குச் சற்று மேலும், லோ சற்றுக் கீழும் இருந்தால் ஒயர் அங்குவரை வந்து சேர்கிறது. ஹை பூஜ்யத்தில் கிடந்தால் அது எங்கோ பாடியில் உரசுகிறது. அளந்துகொண்டே ஹார்னஸை, அதாவது ஒயர்க் கட்டை, அசைத்துப் பார்ப்பது பழைய வித்தைதான், ஆனாலும் அதிர்வில் மட்டும் வந்துபோகும் பழுதை இதுதான் காட்டிக்கொடுக்கும்.

கைமாறிய இயந்திரத்தில் தேட வேண்டிய இடங்கள் தனி. பிரஷர் வாஷ் செய்து கனெக்டருக்குள் தண்ணீர் புகுந்து ஊசிகள் பச்சை பூத்திருக்கும். கிளாம்ப் கழன்று ஹார்னஸ் இரும்பு விளிம்பில் தேய்ந்திருக்கும். சீட்டுக்கு அடியில் எலி கடித்திருக்கும். பக்கெட்டுக்கு வெல்டிங் வைத்தபோது பேட்டரியைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள். முந்தைய உரிமையாளர் இந்த ஒயரில் ஒட்டுப்போட்டுப் பொருத்திய ஜி.பி.எஸ். கருவியைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். அதைக் கழற்றிவிட்டு ஒயரை முதலில் இருந்தபடி சேர்த்தால் பிழை நிற்கிறதா என்று பார்க்கச் சில நிமிடம் போதும். நிற்காவிட்டால் கன்ட்ரோலர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியதும் மற்றவை பேசத் தொடங்குகின்றனவோ, அதுவோ அதன் ஒயரோதான் எல்லாரையும் தடுத்துக்கொண்டிருந்தது.

வாங்குமுன் பார்ப்பவர்களுக்கு ஒன்று: பிழைப் பட்டியல் காலியாக இருப்பது நற்சான்று அல்ல, விற்பதற்கு முன் அழித்திருக்கலாம். எண்ணெய் சூடேறும்வரை வேலை செய்யவிட்டு மறுபடி படியுங்கள். கன்ட்ரோலரை மாற்றுவது, அதற்கு வரும் மின்சாரம், எர்த், கேன் ஜோடி மூன்றும் அதன் கனெக்டர் ஊசிகளிலேயே சரியாக இருப்பதை அளந்த பிறகுதான். அப்போதும் பார்ட் எண்ணும் மென்பொருளும் அந்த இயந்திரத்துக்குப் பொருந்த வேண்டும். வேறு மாடலிலிருந்து கழற்றி வந்த நல்ல கன்ட்ரோலர்கூட இங்கே தொடர்புப் பிழைதான் காட்டும்.