ஒலிப்புத்தகத்துக்கு 'ம்' கொட்டுவது யார்?

நாகர்கோவில், அகஸ்தீஸ்வரம் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு அந்த "ஆமா" மறந்திருக்காது. புலவர் ஒரு வரி சொல்வார், பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" என்பார், கதை அடுத்த வரிக்கு நகரும். வீட்டில் ஆச்சி கதை சொல்லும்போது பிள்ளைகள் கொட்டும் "ம்" செய்வதும் இதே வேலைதான். "ம்" நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று ஆச்சியும் நிறுத்திவிடுவார்.

இப்போது ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஃபோனை நடுவில் வைத்து, வீட்டோடு உட்கார்ந்து ஆடியோ புக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அருமையான பழக்கம். ஒரே குறை, நம் "ம்" ஃபோனுக்குக் கேட்காது.

அது சின்னக் குறை இல்லை. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் ஜேனட் பவேலாஸ் குழு 2000-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. ஆபத்திலிருந்து மயிரிழையில் தப்பிய அனுபவத்தை ஒருவர் சொல்ல வேண்டும், இன்னொருவர் கேட்க வேண்டும். கேட்பவர்களில் சிலருக்கு மட்டும் ரகசியமாக வேறு வேலை கொடுத்தார்கள்: பேச்சில் வரும் சொற்களில் ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்குபவற்றை எண்ண வேண்டும். கவனம் எண்ணுவதில் போனதும், கதைக்கு ஏற்றபடி முகம் சுளிப்பதும் "ஐயோ" என்பதும் குறைந்துவிட்டன. எதிரே இருந்தவர் சொன்ன கதையும் கெட்டுப்போனது, அதுவும் உச்சக்கட்டத்தில்தான் அதிகம் தடுமாறியது. கேட்பவரும் சேர்ந்துதான் கதையைச் சொல்கிறார் என்பது அவர்கள் கண்ட முடிவு. பதிவு செய்த குரலுக்கு இந்த உதவி கிடைக்காது. நாம் புரியாமல் முழித்தாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

குழந்தைகள் விஷயத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பேட்ரிசியா கூல் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், 9 மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கவைத்தார்கள். நேரில் வந்து ஒருவர் பேசி விளையாடியபோது அந்த மொழியின் ஒலிகளைக் குழந்தைகள் பிரித்தறியக் கற்றன. அதையே வீடியோவிலும் வெறும் ஒலிப்பதிவிலும் போட்டபோது ஒன்றும் ஏறவில்லை. அதே ஆய்வுக்கூடம் 2018-ல் இன்னொன்றைக் காட்டியது: பக்கத்தில் இன்னொரு குழந்தை இருந்து சேர்ந்து பார்த்தால், வீடியோவிலிருந்தும் கற்றதற்கான அடையாளம் மூளை அலைகளில் தெரிந்தது. அந்த ஆய்வில் தனியாகப் பார்த்த குழந்தைகளுக்கும் சேர்ந்து பார்த்த குழந்தைகளுக்கும் ஒரே பதிவுதான். கூட ஆள் இருந்தது மட்டுமே வித்தியாசம்.

ஒரே கதையைக் கேட்டால் இதயங்கள் ஒன்றாகத் துடிக்கும் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது பாதி உண்மை. 2021-ல் வந்த ஆய்வில், ஒலிப்புத்தகத்தின் ஒரே பகுதியைக் கேட்டவர்களுக்கு இதயத்துடிப்பின் வேகம் ஒரே இடங்களில் கூடிக் குறைந்தது. ஆனால் அவர்கள் தனித்தனியாகத்தான் கேட்டார்கள். வேறு கணக்கில் கவனத்தைத் திருப்பியதும் ஒற்றுமை குறைந்தது. ஆக, அதற்கு வேண்டியது கவனம், ஒரே அறை அல்ல.

அப்படியானால் சேர்ந்து உட்காருவதால் என்ன லாபம்? என் பார்வையில், லாபம் முழுக்க நிறுத்துகிற பொத்தானில் இருக்கிறது. அச்சில் வாசிக்கும்போது கண் அடிக்கடி பின்னால் போய்ப் பார்த்துக்கொள்ளும், பத்து அசைவில் ஒன்றாவது அப்படித்தான். காதுக்கு அந்த வசதி இல்லை, தவறிய வரி தவறியதுதான். "இப்பப் பேசினது ஆரு மக்களே, அண்ணனா தம்பியா?" என்று ஆச்சி கேட்க, பேத்தி நிறுத்திவிட்டு, "தம்பி ஆச்சி, அண்ணன் நேத்தே ஊருக்குப் போயாச்சே" என்கிறாள். பதில் சொல்வதற்காக அவள் நேற்றைய கதையை நினைவிலிருந்து எடுத்து, தன் வார்த்தையில் கோர்க்கிறாள். கேட்டதை மனதில் தங்கவைப்பதில் இப்படி எடுத்துச் சொல்வதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஆச்சிக்குப் பாதி கேட்காமல் போவதற்கும் காரணம் உண்டு. உள்காதில் சுருண்டிருக்கும் நத்தையெலும்பை நீட்டினால் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். அதன் வாசல் பக்கம் கீச்சொலிகளை வாங்குகிறது, உள்முனை கனத்த ஒலிகளை வாங்குகிறது. வயதாகும்போது முதலில் தேய்வது வாசல் பக்கம், தேய்ந்த செல்கள் திரும்ப முளைப்பதில்லை. உயிரெழுத்துகள் கனத்த ஒலிகள், அவை பிழைத்துக்கொள்ளும். 'காசு' என்பதில் வரும் 'ச'வின் உரசலோ கீச்சுப் பக்கம், அதனால் காசும் காதும் ஒன்றுபோலக் கேட்கும். வால்யூமைக் கூட்டினால் சத்தம் கூடுமே தவிர, தெளிவு அந்த அளவுக்குக் கூடாது.

வேகத்தை 0.8 ஆக்கிப் பாருங்கள். பழைய டேப்பை மெதுவாக ஓட்டினால் குரல் தடித்துவிடும். இப்போதைய செயலிகள் ஒலியை நொடியில் நூறில் சில பங்கு நீளத் துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து நீட்டுகின்றன. குரலின் சுருதி மாறாது, ஆச்சிக்கு யூகிக்க நேரம் கிடைக்கும்.

ஃபோனை அறையின் நடுவில் வைக்காமல் ஆச்சியின் பக்கம் வையுங்கள். தூரம் பாதியானால் நேராக வந்து சேரும் ஒலியாற்றல் நாலு மடங்காகும். நம் குமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தகரக் கூரையில் விழும் மழை கனத்த ஒலி, கீச்சொலி எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுப்பி, மெலிந்த மெய்யெழுத்துகளை முதலில் விழுங்கிவிடும். மழை வலுத்தால் கதையை நிறுத்திவிட்டு, இதுவரை நடந்ததைப் பிள்ளைகளைச் சொல்லச் சொல்லலாம்.