கரு கலைந்தால்: ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும்

கம்பம், போடி, கூடலூர்ப் பக்கமிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள், கரு கலைந்து வந்தால் முதலில் கேட்பது இதைத்தான்: "ஜீப்புல குலுங்குனதாலயா டாக்டரம்மா?" வீட்டில் பெரியவர்கள் பப்பாளியைச் சொல்வார்கள், குடம் தூக்கியதைச் சொல்வார்கள்.

பொதுவாக இவை எதுவும் காரணமில்லை. உறுதியான கர்ப்பங்களில் 100க்கு 10 முதல் 20 வரை தானாகவே கலைகின்றன. பெரும்பாலும் முதல் 12 வாரத்துக்குள். அவற்றில் ஏறத்தாழ பாதி, கரு உருவாகும்போதே குரோமோசோம் எண்ணிக்கை பிசகியவை. வளர்ச்சி நின்று பல நாள், சில சமயம் சில வாரம் கழித்துத்தான் ரத்தம் படும். அப்படியிருக்க, முந்தின நாள் ஏறிய ஜீப்பை எப்படிக் குற்றம் சொல்வது? ஆனால் பூச்சிமருந்து வேறு விஷயம். கர்ப்பம் தெரிந்ததும் மருந்தடிக்கும் பாத்திக்குள் போகக் கூடாது, தெளித்தவர் துணியைத் துவைக்கவும் கூடாது. கங்காணியிடம் அன்றே சொல்லி வேறு வேலை கேளுங்கள்.

ரத்தம் பட்டதாலேயே கரு போய்விட்டதென்று நினைக்க வேண்டாம். லேசாகப் பட்டு நின்று, நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் ஏராளம். முதல் ஸ்கேனில் துடிப்பு தெரியாவிட்டாலும் அவசரப்படாதீர்கள். உள்வழி ஸ்கேனில் (பிறப்புறுப்பு வழியாகப் பார்ப்பது) கருவின் நீளம் 7 மில்லிமீட்டருக்குக் குறைவென்றால், ஒரு வாரமாவது கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நாள் கணக்கு பிந்தியிருக்கலாம். அதற்குள் "கழுவிவிடலாம்" என்று யார் சொன்னாலும் இரண்டாவது ஸ்கேன் கேளுங்கள்.

கலைந்தது உறுதியானால் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தானாக வெளியேற ஓரிரு வாரம் காத்திருப்பது. இரண்டு, மருத்துவர் தரும் மாத்திரை. மூன்று, உறிஞ்சி எடுப்பது. முதல் இரண்டில் வயிற்றுவலி கடுமையாக இருக்கும், கட்டிகட்டியாகப் போகும். தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) தனியாக இருக்கும் பெண்ணுக்கு இவை ஏற்றவையல்ல. ஆள்துணையும் வண்டியும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மருந்துக்கடையில் தானே மாத்திரை வாங்கிப் போடுவது மிக ஆபத்து. கரு, கருப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை கேட்காது, குழாய் வெடித்து உயிருக்கே ஆபத்தாகும்.

துணியை விட நாப்கின் வைத்துக்கொள்வது நல்லது, அளவு தெரியும். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் தொடர்ந்து 2 மணி நேரம் நனைந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டினாலோ, நாற்றமடித்தாலோ விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஒரு பக்க அடிவயிற்று வலி, தோள்பட்டை நுனியில் வலி, கண் இருட்டி மயக்கம் என்றால் குழாய்க் கர்ப்பமாக இருக்கலாம்; உடனே 108. ரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று 72 மணி நேரத்துக்குள் கேட்டுவிடுங்கள். அடுத்த கர்ப்பத்தைக் காக்கும் ஊசி அது.

டிஸ்சார்ஜ் சீட்டில் 'ஸ்பான்டேனியஸ் அபார்ஷன்' என்றோ 'மிஸ்டு அபார்ஷன்' என்றோ எழுதியிருக்கும். இந்த 'அபார்ஷன்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "நீயா கலைச்சியா?" என்று புகுந்த வீட்டில் சண்டை மூள்வதுண்டு. தானாகக் கலைந்தது என்றே அதற்குப் பொருள். மலையாளத்தில் 'கர்ப்பம் அலசி' என்பார்களே, அதேதான். கணவரையும் மாமியாரையும் உட்காரவைத்து மருத்துவர் வாயாலேயே இதைச் சொல்ல வைப்பது நல்லது. அந்தச் சீட்டைக் கிழித்துவிடாதீர்கள். கரு கலைந்த தோட்டத் தொழிலாளிக்கு 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது; 2025 நவம்பர் வரை 1961 மகப்பேறு நலச் சட்டம் இதையே சொன்னது. அதைக் கேட்க அத்தாட்சி இந்தச் சீட்டுதான்.

16 வாரம் தாண்டிக் கலைந்தால் சிலருக்கு மூன்றாம் நாள் பால் கட்டும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் அந்த ராத்திரி பெண்கள் உடைந்துபோகிறார்கள். பீச்சி எடுத்தால் மேலும் ஊறும். நெருக்காமல் தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடம், வலி மாத்திரை போதும். சில நாளில் வற்றிவிடும்.

"சின்னக் கரு தானே, அடுத்தது தங்கும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அவளுக்கு அது பெயர் யோசித்துவைத்த பிள்ளை. பேச வந்தால் கேளுங்கள், அழுதால் அழ விடுங்கள். கணவரும் தூங்காமல்தான் இருப்பார், அவரிடமும் ஒரு வார்த்தை விசாரியுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் சாப்பாடும் தூக்கமும் இல்லையென்றால், அல்லது சாகத் தோன்றுகிறதென்றால், 14416 எண்ணில் டெலி மானஸை (அரசின் மனநல உதவித் தொலைபேசி) கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

மாதவிலக்கு 4 முதல் 8 வாரத்தில் திரும்பும், ஆனால் அதற்கு முன்பே கரு தரிக்கலாம். மனம் தயாராகும்வரை ஆணுறை. தயாரானதும் தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம், ரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை. இரண்டு முறை கலைந்திருந்தால் மூன்றாவதற்குக் காத்திருக்காமல் தைராய்டு, சர்க்கரை, ரத்த உறைவுச் சோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இவற்றில் பலவற்றுக்கு மருந்து இருக்கிறது.