ரீபிராசஸிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

அணு உலையில் பயன்படுத்திய எரிபொருளைக் கரைத்து, அதில் மிஞ்சிய யுரேனியத்தையும் உலைக்குள் புதிதாக உண்டான புளூட்டோனியத்தையும் தனியே பிரித்தெடுக்கும் வேலைதான் ரீபிராசஸிங். வேர் லத்தீன். 'முன்னே செல்' என்ற வினையிலிருந்து வந்த பிராசஸ், பின்னால் ஒரு பொருளைப் படிப்படியாக மாற்றும் முறையைக் குறித்தது; 'ரீ' என்றால் மறுபடியும்.

தமிழில் மூன்று சொற்கள் புழங்குகின்றன. மறுபதப்படுத்தல் என்றால் தோலும் மீனும்தான் நினைவுக்கு வரும். மறுசெயலாக்கம் வேருக்கு நெருக்கமானது. மூன்றாவதான மறுசுழற்சிதான் என்னை உறுத்துகிறது, பழைய பேப்பர்போல எல்லாம் சுத்தமாகத் திரும்பி வந்துவிடும் என்று நம்பவைக்கிறது.

நடப்பதைப் பாருங்கள். சில வருடம் தண்ணீர்த் தொட்டியில் ஆறிய எரிபொருளைத் தடித்த கான்கிரீட் சுவருக்குப் பின்னால் துண்டுதுண்டாக நறுக்கி, சூடான நைட்ரிக் அமிலத்தில் கரைக்கிறார்கள்; டிரைபியூட்டைல் பாஸ்பேட் சேர்ந்த கரைப்பான் யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் இழுத்துக்கொள்ள, கடுங்கதிர்வீச்சுக் கழிவான சீசியமும் ஸ்ட்ரான்சியமும் அமிலத்திலேயே தங்கிவிடுகின்றன.

நன்மை உண்டு. புதிதாகத் தோண்டும் யுரேனியம் குறையும். சுமார் 24,000 ஆண்டு அரை ஆயுள் கொண்ட புளூட்டோனியம் கழிவோடு போகாமல், எரிப்பதைவிட அதிக எரிபொருளை உண்டாக்கும் வேக ஈனுலைக்கு எரிபொருளாகும் (குண்டுக்கும் ஆகும், 1974 பொக்ரானுக்கான புளூட்டோனியம் டிராம்பேயில் இப்படிப் பிரித்ததுதான்). ஆனால் திடமாக இருந்த ஆபத்து இப்போது திரவமாகிவிடுகிறது, கண்ணாடியோடு சேர்த்து உருக்கி உறையவைக்கும் வரை தொட்டிகளில் காத்துக் கிடக்கிறது. சோவியத் நாட்டின் மயாக் அணு ஆலையில் 1957இல் அப்படியொரு தொட்டி குளிரூட்டல் பழுதாகி வெடித்தது. கல்பாக்கம் மறுசெயலாக்க ஆலையில் 2003 ஜனவரியில் ஒரு வால்வு பழுதாகி, கடுங்கதிர்வீச்சுக் கழிவு வேறொரு தொட்டிக்குள் வந்திருந்தது தெரியாமல் மாதிரி எடுத்த வேலையில் 6 ஊழியர்கள் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்.

ஆகவே ஆலையில் நடப்பதை மறுசெயலாக்கம் என்றே எழுதுவோம். பிரித்தெடுத்தது உண்மையிலேயே உலைக்குள் திரும்பிப் போனால், அந்தப் பகுதிக்கு மட்டும் மறுசுழற்சி சரி.

அப்புறம், ஸ்பென்ட் ஃபியூயலைத் 'தீர்ந்த எரிபொருள்' என்பதும் பொருந்தவில்லை. அதில் சுமார் 95 சதவீதம் யுரேனியம் இருக்கும்போது எப்படித் தீர்ந்துபோனதாகும்? 'பயன்படுத்திய எரிபொருள்' போதும்.