சர்வருக்குப் பின்னால் ஒரு சின்ன போர்ட்

ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணி இருக்கும். கரூரில் வீட்டு உபயோகத் துணிகள் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் காவலாளி, செல்போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சர்வர் ரேக் முன்னால் நிற்கிறார். நான் சென்னையில் என் வீட்டில். அன்று மாலை அங்கே கணக்கு பார்ப்பவர், திரையில் வந்த எச்சரிக்கையைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். டிஸ்க் 1 சீக்கிரம் பழுதாகலாம் என்பது செய்தி. மாற்று டிஸ்க் அலமாரியில் தயாராக இருந்தது. திங்கள் காலை ஷிப்மென்ட். இரவே மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

“ஆரஞ்சு கலர்ல லைட்டு எரியுறது எதுண்ணே?”

“எல்லாமே மினுக்கு மினுக்குன்னுதான் சார் இருக்கு.”

“சரி, அப்போ ஒண்ணாம் நம்பர் டிஸ்க்கை இழுங்க.”

இடது ஓரத்தில் முதலாவதாக இருந்ததை இழுத்தார். அவர் மேல் தப்பே இல்லை. அந்த சர்வரில் டிஸ்க் எண்கள் 0-இல் தொடங்கும். டிஸ்க் 1 என்பது இடமிருந்து இரண்டாவது. நான்தான் சொல்லவில்லை. புது டிஸ்க்கைச் செருகியதும், பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல நடத்தும் ரெய்டு கன்ட்ரோலர் அதை நிரப்ப ஆரம்பித்தது. நிரப்ப வேண்டுமென்றால் மற்ற மூன்று டிஸ்க்குகளையும் முழுக்க வாசித்தாக வேண்டும். ஏற்கெனவே நோஞ்சானாக இருந்த டிஸ்க் 1 பாதி வழியில் நின்றுவிட்டது. அங்கே இருந்த ரெய்டு 5 என்ற வகை ஒரு டிஸ்க் போனால் தாங்கும், இரண்டு போனால் தாங்காது. சனிக்கிழமை பேக்கப் இருந்ததால் பிழைத்தோம். ஞாயிறு முழுக்கப் பதிந்த பேக்கிங் லிஸ்ட்டுகளை மட்டும் அங்குள்ளவர்கள் காகிதத்தைப் பார்த்து மறுபடி டைப் அடித்தார்கள்.

திங்கட்கிழமை நேரில் போய் சர்வரின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். வழக்கமான நெட்வொர்க் போர்ட்டுகள் நான்கு. அவற்றிலிருந்து சற்றுத் தள்ளி, தனியாக ஒரு போர்ட், பக்கத்தில் சின்னதாக ஒரு ஸ்பேனர் படம். தூசி போகாமல் இருக்கக் கம்பெனியிலேயே போட்டு அனுப்பிய ரப்பர் மூடி அதில் அப்படியே இருந்தது. மூன்று வருஷமாக அந்தப் போர்ட்டில் யாரும் கேபிள் செருகவே இல்லை.

இந்தக் கட்டுரை அந்தப் போர்ட்டைப் பற்றியதுதான்.

ரேக் சர்வர் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. ஒன்று, நாம் விண்டோஸோ லினக்ஸோ போட்டு ஓட்டுவது. இன்னொன்று மதர்போர்டில் இருக்கும் சின்ன சிப். அதற்கென்று தனி மெமரி, தனி மென்பொருள், தனி ஐபி முகவரி உண்டு. ஸ்பேனர் படம் போட்ட அந்தப் போர்ட் இதனுடையதுதான். பொதுப்பெயர் பிஎம்சி. டெல் அதை ஐட்ராக் என்கிறது, எச்பிஇ ஐஎல்ஓ என்கிறது, லெனோவா எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர் என்கிறது. பவர் கார்டு செருகியிருந்தாலே போதும், சர்வர் அணைந்திருக்கும்போதும் இது விழித்திருக்கும். தொலைவிலிருந்தபடி சர்வரை ஆன் செய்யலாம், ஆஃப் செய்யலாம். விண்டோஸ் கிளம்பாமல் நீலத் திரையில் நின்றால் அந்தத் திரையை நம் லேப்டாப்பில் பார்க்கலாம். கையில் டிவிடி இல்லாமலே இன்ஸ்டலேஷன் ஃபைலை மாட்டி ஓஎஸ் போடலாம். ரேக்கில் எந்த சர்வர் என்று காட்ட அதன் நீல விளக்கை எரிய விடலாம்; பல மாடல்களில் குறிப்பிட்ட ஒரு டிஸ்க்கின் விளக்கை மட்டும் மின்ன வைக்கலாம். கரூரில் அந்தக் கேபிள் இருந்திருந்தால், “மின்னுற டிஸ்க்கை இழுங்கண்ணே” என்பதோடு வேலை முடிந்திருக்கும்.

வாங்கும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த வசதிகள் முழுதாகக் கிடைக்கப் பல நிறுவனங்கள் தனி லைசென்ஸ் கேட்கும். அடிப்படை லைசென்ஸில் ஆன், ஆஃப் செய்யலாம், வெப்பநிலை பார்க்கலாம். தொலைத்திரை கிடைக்காது, அல்லது ஓஎஸ் கிளம்பும்வரைதான் கிடைக்கும். கொட்டேஷனில் விலை குறைக்கச் சொன்னால் முதலில் காணாமல் போகிற வரி இதுதான். எதை வேண்டுமானாலும் குறைத்துப் பேசுங்கள், இந்த வரியை விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், சர்வரை ஏற்றும் நாள். மாதக்கணக்கில் அனுபவிக்கப் போகிற கஷ்டங்கள் பெரும்பாலும் அந்த ஒரு நாளில்தான் விதைக்கப்படுகின்றன. ரேக்கின் அகலம் 19 அங்குலம் என்று எல்லோருக்கும் தெரியும்; உயரத்தை யு கணக்கில் சொல்வார்கள், ஒரு யு என்பது 44.45 மில்லிமீட்டர். யாரும் கேட்காதது ஆழம். சுவிட்சுகளுக்காக வாங்கிய 600 மில்லிமீட்டர் ஆழ ரேக்கில், 700-ஐத் தாண்டும் சர்வரை ஏற்ற முடியாமல் கதவைக் கழற்றி வைத்திருக்கும் அலுவலகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சர்வருக்கு 1000 மில்லிமீட்டர் ஆழ ரேக் வேண்டும், பின்னால் கேபிள் மடங்கவும் கை நுழையவும் இடம் வேண்டும். முன்கதவு கண்ணாடியாக இருக்கக் கூடாது. சர்வர் முன்பக்கமாகக் குளிர்காற்றை இழுத்துப் பின்பக்கமாக வெப்பத்தைத் தள்ளும். கண்ணாடிக் கதவு அதன் மூக்கைப் பொத்துவது போல. ஓட்டை போட்ட இரும்புக் கதவுதான் சரி. எடை அதிகமானவை கீழே. டிஸ்க் நிறைந்த 2யு சர்வர் 25 கிலோவுக்கு மேல் இருக்கும், தனி ஆளாகத் தூக்க வேண்டாம். ரெயிலில் இருந்து ஒரே நேரத்தில் இரண்டு சர்வர்களை வெளியே இழுக்கவும் வேண்டாம், ரேக்கே முன்னால் சாயும்.

மின்சாரத்தில் ஒரே தப்பைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். சர்வரில் இரண்டு பவர் சப்ளை இருக்கும். இரண்டு கார்டையும் ஒரே யுபிஎஸ்ஸில், பல இடங்களில் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருப்பார்கள். அந்தப் பாக்ஸின் சுவிட்சைத் துடைப்பம் தட்டினால் இரண்டும் சேர்ந்து போகும். ஒன்றை யுபிஎஸ்ஸிலும் இன்னொன்றை வேறு யுபிஎஸ்ஸிலும் கொடுங்கள். இரண்டாவது யுபிஎஸ்ஸுக்குப் பணமில்லை என்றால் குறைந்தபட்சம் வேறு சர்க்யூட்டில். செருகுவதற்கு முன்னால் மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் எவ்வளவு வோல்ட் என்று பாருங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டைத் தாண்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகுதான் சர்வரின் பெட்டியையே பிரிக்க வேண்டும்.

ஏசி விஷயம் நம் ஊருக்கே உரியது. கரண்ட் போனால் சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடும், ஏசி ஓடாது. ஜெனரேட்டர் இருந்தால் தப்பித்தோம். கரண்ட் வந்த பிறகும் தானாகக் கிளம்பாத ஸ்பிளிட் ஏசி இருந்தால், சனி இரவு நின்ற ஏசி திங்கள் காலை ஆள் வரும்வரை நின்றபடியே இருக்கும். சர்வர் உள்ளிழுக்கும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க ஏசி பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. மே மாதத்தில் பூட்டிய அறை அதை எவ்வளவு வேகமாகத் தாண்டும் என்று சொல்லத் தேவையில்லை. இங்கேயும் அந்தப் பின்பக்கப் போர்ட்தான் கைகொடுக்கும். உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சார் சர்வரிலேயே இருக்கிறது. அது 30-ஐத் தொட்டால் எனக்கு மெயில் வர வேண்டும் என்று பிஎம்சியில் போட்டு வைத்தால், சனி இரவே யாரையாவது அனுப்பி ஏசியைப் போட வைக்கலாம். போட்டு வைத்த பிறகு சோதனை மெயில் ஒன்று அனுப்பி, வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். மெயில் பாஸ்வேர்ட் மாறிய நாளிலிருந்து எச்சரிக்கையே வராமல் போன இடங்கள் உண்டு.

இதுவரை சொன்னதைக் கேட்டு உடனே கேபிளைச் செருகக் கிளம்புகிறவர்கள், தயவுசெய்து இந்தப் பகுதியை இரண்டு முறை படியுங்கள். அந்தப் போர்ட் நமக்கு எவ்வளவு உதவுமோ, அதே அளவு திருடனுக்கும் உதவும். உள்ளே வந்தவன் ஓஎஸ்ஸுக்கும் கீழே உட்கார்ந்திருப்பான். ஆன்டிவைரஸுக்கு அவனைத் தெரியாது, விண்டோஸை அழித்து மறுபடி போட்டாலும் அவன் போக மாட்டான்.

நான் கற்பனையாகப் பயமுறுத்தவில்லை. பழைய டெல் சர்வர்களில் பயனர் பெயர் root, பாஸ்வேர்ட் calvin என்றே எல்லாவற்றுக்கும் வந்தது. பழைய சூப்பர்மைக்ரோவில் இரண்டுமே ADMIN. உலகத்துக்கே தெரிந்த இந்தப் பாஸ்வேர்டுகளோடு இன்றும் ஓடும் சர்வர்கள் இருக்கின்றன. தொலைவிலிருந்து பிஎம்சியோடு பேசுவதற்கான ஐபிஎம்ஐ 2.0 என்ற தரத்தில், லாகின் முடிவதற்கு முன்பே கேட்பவருக்குப் பாஸ்வேர்டின் ஹேஷை (பாஸ்வேர்டைக் குழப்பி எழுதிய வடிவம்; பாஸ்வேர்ட் எளிதாக இருந்தால் இதிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்) சர்வரே கொடுத்துவிடும் என்பது 2013-இல் பரவலாகத் தெரியவந்தது. தரமே அப்படி எழுதப்பட்டதால் ஃபர்ம்வேரை (சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) மாற்றித் தீர்க்க முடியாது; தேவையில்லாத இடத்தில் அணைத்து வைப்பதுதான் வழி. 2017-இல் எச்பிஇயின் ஐஎல்ஓ 4-இல் ஓர் ஓட்டை வெளியானது. இணையக் கோரிக்கையின் ஒரு தலைப்பு வரியில் A என்ற எழுத்தை 29 முறை அனுப்பினால் பாஸ்வேர்ட் இல்லாமலே உள்ளே போகலாம். ஃபர்ம்வேர் 2.53-இல் அடைத்தார்கள். பல சர்வர் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தும் ஏஎம்ஐ மெகாராக் மென்பொருளில் இருந்த ஓட்டை, தாக்குதலில் உண்மையாகவே பயன்படுத்தப்படுவதாக 2025 ஜூனில் அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா தன் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவு இருந்தும், ‘சர்வீஸ் ஆள் வெளியிலிருந்து பார்க்க வசதியாக’ என்று பிராட்பேண்ட் ரவுட்டரில் பிஎம்சியின் ஐபியை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடுகிறார்கள். ஓர் இடத்தில் லாகின் பக்கம் என் செல்போனிலேயே திறந்தபோது, அங்கிருந்த மேனேஜர் அதைப் பெருமையாகக் காட்டினார். எனக்கு வயிறு கலங்கியது. அன்றே மூட வைத்தேன். இந்த மேனேஜ்மென்ட் போர்ட்டுக்குத் தனி விலேன் (மற்ற கம்ப்யூட்டர்களிடமிருந்து பிரித்து வைத்த நெட்வொர்க்) வேண்டும், வெளியிலிருந்து விபிஎன் என்ற பூட்டிய பாதை வழியாக மட்டுமே அதைத் தொட வேண்டும், பாஸ்வேர்ட் வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும். இன்னொன்று: சில மாடல்களில் இந்தப் போர்ட்டில் கேபிள் இல்லையென்றால், பிஎம்சி தானாகவே சாதாரண நெட்வொர்க் போர்ட்டில் ஏறிக்கொள்ளும். எனவே ‘நாங்கள் பயன்படுத்தவில்லை, அதனால் ஆபத்தில்லை’ என்பது செல்லாது.

பிஎம்சியின் கடிகாரத்தையும் சரியாக வையுங்கள். பல இடங்களில் அதன் பதிவேட்டில் தேதி 1970 என்று நிற்கும். 2022 ஏப்ரல் 28-இல் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, கணினிகளின் நேரத்தைச் சரியான நேரம் தரும் என்டிபி சர்வரோடு ஒத்திசைக்கச் சொல்கிறது, பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது, தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. 1970 என்று போட்ட பதிவை வைத்துக்கொண்டு யாருக்கு என்ன விளக்கம் கொடுப்பது?

பராமரிப்பு என்றால் தூசி தட்டுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதுவும் வேண்டும்தான், கரூர், திருப்பூர் பக்கம் முன்பக்க வலையில் பஞ்சு மெத்தை மாதிரி படிந்திருக்கும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்காவிட்டால் காற்றே போகாது. ஆனால் ஃபர்ம்வேரை யாரும் கண்டுகொள்வதில்லை. 2019 நவம்பரில் எச்பிஇ ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சில எஸ்எஸ்டி மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும், உள்ளே இருக்கும் தகவல் திரும்பக் கிடைக்காது. அதாவது 3 வருஷம், 270 நாள், 8 மணி நேரம். 15 பிட்டில் எண்ணக்கூடிய உச்ச எண் 32,767. அதற்கு அடுத்த மணி நேரத்தில் எண்ணிக்கை உடைந்துவிடுகிறது. இதில் என்னை உலுக்கியது வேறு. ஒரு சர்வரின் டிஸ்க்குகளை எல்லாம் ஒரே நாளில்தான் ஆன் செய்கிறோம். அப்படியென்றால் எல்லாமே ஒரே நேரத்தில் போகும். எந்த ரெய்டும் காப்பாற்றாது. ஃபர்ம்வேர் அப்டேட் செய்தவர்கள் தப்பித்தார்கள். பேக்கப்பை வேறு பெட்டியில், முடிந்தால் வேறு கட்டடத்தில் வையுங்கள் என்று நாங்கள் நச்சரிப்பது இதற்காகத்தான்.

கரூரில் அந்த வாரமே கேபிள் போட்டோம், தனி விலேன் பிரித்தோம். அடுத்த வருஷம் அதே சர்வரில் இன்னொரு டிஸ்க் எச்சரிக்கை கொடுத்தது. மெயில் நேராக எனக்கே வந்தது, மறுபடியும் ஓர் இரவில். முதலில் பேக்கப் எடுத்து முடித்தேன். பிறகு அதே காவலாளியைக் கூப்பிட்டு, சென்னையிலிருந்தே அந்த டிஸ்க்கின் விளக்கை மின்ன விட்டேன்.

“ஒண்ணு மட்டும் விட்டு விட்டு மின்னுதுங்க சார். கடைசி டிஸ்க்கு.”

“தாள்ல என்ன நம்பர் போட்டிருக்குண்ணே?”

ரேக் கதவின் உள்பக்கம் நாங்கள் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, நான்கு கட்டங்களையும் விரல் வைத்து எண்ணினார். “சைபர், ஒண்ணு, ரெண்டு, மூணு. மூணாம் நம்பர் சார்.”

“அதேதான். மெதுவா இழுங்க.”