கோதுமைத் துருநோய்: சொல் விளக்கம்

பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் குடியிருப்பவர்களுக்குத் துரு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டாம். உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி பொரிந்துபோய், தொட்டால் செம்பழுப்புத் தூள் விரலில் ஒட்டும். கோதுமைக்கு வரும் நோயும் அந்தத் தூளால்தான் இந்தப் பெயரைப் பெற்றது. மற்றபடி இதில் இரும்புக்கு வேலையில்லை. உயிருள்ள இலையிலும் தண்டிலும் ஒட்டிப் பிழைக்கும் புக்சீனியா என்ற பூஞ்சைதான் காரணம். உதிரும் தூள் அதன் வித்துகள்.

துரு நம் திராவிட மொழிக் குடும்பச் சொல். தெலுங்கில் துப்பு, கன்னடத்தில் துக்கு, மலையாளத்தில் துரும்பு (நம் வைக்கோல் துரும்பு வேறு). இந்தியில் இந்த நோயைக் கெரூயி என்பார்கள். கெரு என்றால் காவிக்கல். பழைய ரோமானியர்கள் ரோபிகோ என்றார்கள்; பயிரை அது தொடாமல் இருக்க ஏப்ரல் 25 அன்று விழாவே எடுத்தார்கள். எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டது நிறம்தான்.

தமிழில் ‘ரஸ்ட் நோய்’ என்று எழுத அவசியமே இல்லை. நிலக்கடலைக்குத் துருநோய் என்று சொல்லிப் பழகியாயிற்று, கோதுமைக்கும் அதுவே போதும். ‘துருப்பிடித்த கோதுமை’ என்று எழுதினால்தான் வம்பு: ரேஷன் கடை மூட்டை கெட்டுவிட்டதாகப் படிப்பவர் நினைப்பார். நோய் வயலில் நிற்கும் பயிருக்கு. தானியம் சூம்பிப்போகும், அவ்வளவுதான். கதிரில் மணிக்குப் பதில் கரும்பொடி நிறைந்தால் அது கரிப்பூட்டை, வேறு நோய்.

வகை மூன்று. தண்டில் வருவது கருந்துரு, இலையில் சிதறிய புள்ளிகளாக வருவது பழுப்புத் துரு, இலை நீளத்துக்கு வரிவரியாக ஓடுவது மஞ்சள் துரு. மஞ்சள் துருவைப் பஞ்சாபில் பீலி குங்கி என்பார்கள். குளிர்ந்த வானிலைதான் அதற்குத் தோது.

‘இங்கே கோதுமையே விளையாதே, நமக்கென்ன?’ என்று கேட்கலாம். விஷயமே அங்கேதான் இருக்கிறது. சமவெளியின் கோடை வெயிலில் இந்த வித்துகள் தாங்காது. அப்படியானால் அடுத்த பருவத்துக்கு நோய் எங்கிருந்து திரும்பி வருகிறது? ஆக்ரா கல்லூரியின் கே. சி. மேத்தா பல ஆண்டுகள் ஆராய்ந்து, இமயமலையும் நம் நீலகிரி, பழனி மலைகளும்தான் அதன் கோடை வாசஸ்தலம் என்று காட்டினார். மலையில் பருவம் தவறிக் கோதுமை போடுவதை நிறுத்தலாம் என்றும் சொன்னார். 1970களில் நாகராஜன், சிங் என்ற ஆய்வாளர்கள் அடுத்த முடிச்சை அவிழ்த்தார்கள். நவம்பர் வாக்கில் வங்கக்கடலிலோ அரபிக்கடலிலோ உருவாகும் புயல் தென்னிந்தியக் கரையைக் கடக்கும்போது, மற்ற வானிலை நிலவரமும் ஒத்துவந்தால், நீலகிரி வித்துகள் காற்றோடு மத்திய இந்தியாவுக்குப் போகும். அங்கே மழை அவற்றைப் பயிர்மேல் இறக்கிவிடும். வேளச்சேரியை முழங்கால் தண்ணீரில் நிறுத்தும் அதே வகைப் புயல்தான்!

சரி, கட்டுப்படுத்துவது எப்படி? முதலில் எதிர்ப்புத் திறனுள்ள ரகம். ஆனால் பூஞ்சை மாறிக்கொண்டே இருக்கும். 1998இல் உகாண்டாவில் கண்ட உக்99 என்ற கருந்துரு, அதுவரை உலகமே நம்பியிருந்த எஸ்ஆர்31 என்ற எதிர்ப்பு மரபணுவைத் தாண்டிவிட்டது. ஒரே ரகத்தைக் கண்ணுக்கெட்டிய தூரம் விதைப்பது அதனால்தான் ஆபத்து. நீலகிரி வெலிங்டனில் உள்ள ஆய்வு நிலையத்தில் புதிய கோதுமை வகைகளைத் துருவுக்கு நடுவிலேயே வளர்த்துச் சோதிக்கிறார்கள்.

அப்புறம் மருந்து. வட இந்தியாவில் ஜனவரி பிறந்ததும் வயலைச் சுற்றிப் பார்க்கச் சொல்வார்கள். தழைச்சத்துக் குறைந்தாலும் தண்ணீர் தேங்கினாலும்கூட இலை மஞ்சளாகும், ஆனால் தேய்த்தால் விரலில் எதுவும் ஒட்டாது. தூள் ஒட்டினால் லிட்டருக்கு 1 மில்லி கணக்கில் புரோபிகோனசோல் 25 இசி என்ற பூஞ்சைக்கொல்லியைத் தெளிக்க வேண்டும். நோய் அடங்காவிட்டால் 15 நாள் கழித்து இன்னொரு முறை.