நாய்ஸ்: படத்தில் ஏது இரைச்சல்?

ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர், வாங்கலாமா என்று யோசிக்கும் ஒரு புது கேமராவின் மாதிரிப் படங்களை எனக்கு அனுப்பியிருந்தார். இரவு நேரக் கல்யாண மண்டபம், மேடை ஓரத்தில் வாசித்துக்கொண்டிருக்கும் நாதஸ்வரக்காரர். கூடவே ஒரு வரி: "நாய்ஸ் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே."

இருட்டில் எடுத்த படத்தில் பொடிப் பொடியாகத் தெரியும் வேண்டாத புள்ளிகளைத்தான் நாய்ஸ் என்கிறார்கள். கேமரா பற்றிப் பேசும் எல்லோர் வாயிலும் இந்தச் சொல் இருக்கிறது. தமிழில் எழுதுபவர்கள் இதை 'இரைச்சல்' என்று எழுதுகிறார்கள். காதால் கேட்கும் ஒன்றின் பெயர் கண்ணால் பார்க்கும் படத்துக்கு எப்படி வந்தது? அந்தக் கதை தெரிந்தால் இதற்கு என்ன தமிழ் சொல்லலாம் என்பதும் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்துக்கு 'நாய்ஸ்' பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே சண்டை, கூச்சல் என்று பொருள். அதற்கும் பின்னால் லத்தீனின் 'நாசியா' இருப்பதாகச் சொற்பிறப்பு ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நாசியா என்றால் கப்பலில் போகிறவர்களுக்கு வரும் குமட்டல். அதன் வேர் கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'நவ்ஸ்'. நம் 'இரைச்சல்' பிறந்த 'இரை' என்ற வினையும் கடலோடு ஒட்டியதுதான். கடல் இரைகிறது என்கிறோம். ஓடி வந்தவருக்கு மூச்சு இரைக்கிறது என்றும் சொல்கிறோம். நல்ல உயிருள்ள சொல், அதில் எனக்குக் குறையே இல்லை.

இந்தச் சொல்லைப் படத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மின்பொறியாளர்கள். தொலைபேசியிலும் வானொலியிலும் பேச்சுக்குப் பின்னால் 'ஸ்ஸ்' என்று ஓர் ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது. கடத்தியில் உள்ள எலக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைபாய்வதும் இதற்கு ஒரு காரணம் என்று அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான்சனும் அதே நிறுவனக் குழுமத்தைச் சேர்ந்த நைக்விஸ்ட்டும் 1928-இல் காட்டினார்கள். காதுக்குக் கேட்டதால் அதை நாய்ஸ் என்றார்கள். அப்புறம் அதே மின்சாரம் டிவியில் படமாக மாறியபோதும் பெயர் மாறவில்லை. 1969-இல் அதே பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் சிசிடி என்ற மின்னணுச் சில்லைக் கண்டுபிடித்தார்கள். அதுதான் பிறகு டிஜிட்டல் கேமராவின் கண்ணாக ஆனது. அதிலும் வேண்டாத மின் அலைவுக்குப் பெயர் நாய்ஸ்தான். ஒலி போய்விட்டது, ஒலியின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஆனால் அவர்களுக்கு முன்பே ஒருவர் வேறு பெயர் வைத்திருந்தார். மின்சாரம் சீரான ஒழுக்கு அல்ல, தனித்தனித் துகள்களாகத் தாறுமாறாக வந்து விழுவது, அதனால் அதில் எப்போதும் ஓர் ஏற்ற இறக்கம் இருக்கும் என்று ஜெர்மன் இயற்பியலாளர் வால்டர் ஷாட்கி 1918-இல் எழுதினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் 'ஷ்ரோட்'. ஜெர்மனில் ஷ்ரோட் என்றால் உடைத்த தானியம். துப்பாக்கியில் போடும் சிறு ஈயக்குண்டுக்கும் அதே பெயர். நம் 'ரவை'யை நினைத்துப் பாருங்கள். உப்புமா கிண்டுவதும் ரவை, துப்பாக்கியிலிருந்து பாய்வதும் ரவை. இரண்டு மொழிகளும் ஒன்றுக்கொன்று தெரியாமலே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

ஷாட்கி எலக்ட்ரானுக்குச் சொன்னது ஒளிக்கும் பொருந்தும். ஒளியும் துகள் துகளாகத்தான் வருகிறது. தூறல் தொடங்கும்போது முற்றத்தில் பத்து டம்ளரை வரிசையாக வைத்தால் ஒன்றில் நான்கு சொட்டு விழும், பக்கத்து டம்ளரில் ஏழு விழும். அடைமழையில் வைத்தால் பத்தும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு நிறையும். கேமராச் சில்லின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு டம்ளர். சராசரியாக 100 ஒளித்துகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் 10 அளவுக்கு இருக்கும், அதாவது 10 சதவீதம். 10,000 விழும் இடத்தில் அது 100, அதாவது வெறும் 1 சதவீதம். வெளிச்சம் குறையக் குறையப் படம் பொரிந்து தெரிவது இதனால்தான். கிடைத்த ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் எண்தான் ஐஎஸ்ஓ. ஐஎஸ்ஓ 100-இல் எடுத்ததை அதே பிரகாசத்தில் 6400-இல் எடுத்தால், சில்லுக்குக் கிடைப்பது 64-இல் ஒரு பங்கு ஒளி. கேமரா அதைப் பெருக்கிக் காட்டும்போது ஏற்ற இறக்கமும் சேர்ந்தே பெருகுகிறது.

ஆகவே மாதிரிப் படங்களில் பட்டப்பகல் பூவையும் கடற்கரையையும் பார்த்து எதையும் முடிவு செய்யக்கூடாது. அந்த வெயிலில் எந்தக் கேமராவும் சுத்தமாகத்தான் எடுக்கும். உயர்ந்த ஐஎஸ்ஓ படத்தைத் திறந்து, முழு அளவுக்குப் பெருக்கி, நிழலுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

நான் நாதஸ்வரத்தின் கருத்த உடலுக்குப் போனேன். ஐஎஸ்ஓ 6400. கறுப்பு மரத்தின் மேல் மெல்லிய சாம்பல் பொடி தூவியதுபோல் இருந்தது. சிவப்பும் பச்சையுமான பொட்டுகள் அதிகம் இல்லை, நல்லது. கண்ணை உறுத்துவது அந்த நிறப் பொட்டுகள்தான். ஒப்பிட்டுப் பார்க்கத் தம்பி அனுப்பியிருந்த இன்னொரு கேமராவின் படத்தில் மரம் துடைத்துவிட்டதுபோல் பளபளவென்று இருந்தது. ஆனால் நாதஸ்வரத்தில் நூலில் தொங்கும் சீவாளிக் கொத்தை, அதாவது வாயில் வைத்து ஊதும் துண்டுகளைப் பார்த்தபோது, நூல் எது, சீவாளி எது என்று பிரியவில்லை. எல்லாம் மெழுகாக ஒட்டிக்கிடந்தது. நாய்ஸை நீக்குகிறேன் என்று கேமராவே நூலையும் சேர்த்துத் தேய்த்துவிட்டது. முதல் கேமராவின் படத்தில் பொடிக்கு நடுவிலும் நூலின் முறுக்கு தெரிந்தது. இருட்டில் எடுத்த படம் பளிங்குபோல் இருந்தால் நான் உடனே தலைமுடியையும் துணி நெசவையும் தேடுவேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இயற்பியலில் 'இரைச்சல்' அப்படியே இருக்கட்டும். குறிகைக்கும் (சிக்னல்) இரைச்சலுக்கும் உள்ள விகிதம் என்று எழுதும்போது அது பொருந்தித்தான் வருகிறது. படத்தைப் பற்றிப் பேசும்போது நான் 'குருணை' என்கிறேன். அரிசி மில்லில் உடைந்து விழுவது குருணை. வயலில் தூவும் மருந்தில் மணி மணியாக இருப்பதைக் குருணை மருந்து என்று விவசாயிகள் ஏற்கெனவே சொல்கிறார்கள். 'ரவை'யையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். இந்தியிலும் மராத்தியிலும் அது ரவா என்று புழங்குகிறது என்பதோடு, சட்டென்று மனம் சமையலறைக்குப் போய்விடும் என்பதும் என் தயக்கம். குருணையில் அந்தச் சிக்கல் இல்லை. நிறப் பொட்டுகளை நிறக் குருணை எனலாம், சாம்பல் பொடியை ஒளிக் குருணை எனலாம். கேமரா செய்யும் தேய்ப்பு வேலை குருணை நீக்கம். பிலிம் காலத்தில் வெள்ளித் துகள்களால் வந்த 'கிரெய்ன்ஸ்' என்பதற்கும் இதே சொல் பொருந்தும். அங்கே மூலச்சொல்லுக்கே தானியமணி என்றுதான் பொருள்.

இதையெல்லாம் தம்பியிடம் போனில் சொன்னேன். அவர் இரண்டு படங்களையும் மறுபடி திறந்து பெருக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "முதல் கேமராவுல குருணை கொஞ்சம் இருக்குண்ணே. ஆனா சீவாளியை எண்ணிரலாம்."