வேதிப்பொருள் சோதனை விதி எழுதும் குழுவில் சேர: பாரிஸுக்கு எழுதிப் பயனில்லை

வேதிப்பொருள் பாதுகாப்புச் சோதனைக்கு நெறி எழுதும் ஓஇசிடி (பாரிஸில் இருக்கும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு) நிபுணர் குழுவில் சேர ஆசைப்பட்டு நேராகப் பாரிஸுக்கு மின்னஞ்சல் அனுப்பினால், 'உங்கள் நாட்டு ஒருங்கிணைப்பாளரை அணுகவும்' என்றுதான் பதில் வரும். பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். எலிக்கு வாய்வழி மருந்து செலுத்தியே பதினைந்து வருடம் கழித்தவருக்கு, அந்தச் சோதனையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதும் மேசையில் இடமில்லை. தனக்கும் இடம் கேட்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்வதுமில்லை.

பின்னணி கொஞ்சம் போதும். பூச்சிமருந்து, சாயம், மருந்து மூலப்பொருள் எதுவானாலும், ஓஇசிடி வழிகாட்டி நெறிப்படியும் ஜிஎல்பி (நல்ல ஆய்வக நடைமுறை) முறைப்படியும் ஒரு நாட்டில் செய்த பாதுகாப்புச் சோதனையை இந்த ஏற்பாட்டில் சேர்ந்த மற்ற நாடுகளும் ஏற்க வேண்டும். இது 1981-இல் வந்த ஏற்பாடு. இந்தியா 2011 மார்ச் முதல் இதில் முழுப் பங்காளி. படப்பையிலும் பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் இருக்கும் ஜிஎல்பி ஆய்வகங்களுக்கு வெளிநாட்டு வேலை வருவதே இதனால்தான். அந்த நெறிகளைத் திருத்தவும் புதிதாக எழுதவும் நாடுகள் நிபுணர்களை முன்மொழிகின்றன. சம்பளம் கிடையாது.

முதல் முட்டுக்கட்டை நம் ஊர் அலுவலகத்திலேயே வரும். "இந்தியா ஓஇசிடி உறுப்பு நாடே இல்லையே, நீங்கள் எப்படிப் போவீர்கள்?" என்று கேட்டுக் கோப்பைத் திருப்பிவிடுவார்கள். உறுப்பு நாடு இல்லை என்பது சரி. ஆனால் இந்த ஏற்பாட்டில் முழுப் பங்காளியாகச் சேர்ந்த நாடு, இது தொடர்பான வேலைகளில் பங்கெடுக்கலாம். உங்கள் கடிதத்தின் முதல் பத்தியிலேயே 2011 என்ற ஆண்டையும் 'தரவுகளின் பரஸ்பர ஏற்பு' என்ற இந்த ஏற்பாட்டின் பெயரையும் எழுதிவிடுங்கள். மேலதிகாரி அதைத் தேடிப் படிக்கப் போவதில்லை.

அடுத்தது, கதவு மாறிப் போவது. ஓஇசிடி தன் இணையதளத்தில் தேசிய ஒருங்கிணைப்பாளர்கள் பட்டியலை வைத்திருக்கிறது. யாரோ அனுப்பிய பழைய முகவரியை நம்பாமல் அங்கே பார்த்து எழுதுங்கள். டெல்லி டெக்னாலஜி பவனில், அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ் இருக்கும் தேசிய ஜிஎல்பி கண்காணிப்பு ஆணையத்துக்கும் ஒரு நகல் போகட்டும். இங்கேதான் பெரிய குழப்பம் நடக்கிறது. அந்த ஆணையத்தின் வேலை ஆய்வகங்களைத் தணிக்கை செய்வது. 'நிபுணராகச் சேர விரும்புகிறேன்' என்று பொத்தாம் பொதுவாக எழுதினால், ஆய்வகத் தணிக்கையாளர் விண்ணப்பங்களோடு உங்கள் கடிதமும் சேர்ந்துவிடும். பிறகு ஒரு வருடம் கழித்தும் பதில் வராது. எந்த நெறி, எந்த எண், திருத்தமா புதியதா என்பதைப் பொருள் வரியிலேயே எழுத வேண்டும்.

தனியார் நிறுவனத்தில் இருப்பவர்களுக்கு அரசு மேசை பெரும்பாலும் முகம் கொடுக்காது. அவர்களுக்குத் தொழில்துறை சார்பில் 'பிசினஸ் அட் ஓஇசிடி' என்ற அமைப்பு இருக்கிறது. விலங்கு நல அமைப்புகளுக்கு ஐகாப்போ. நிறுவனத்தின் வழியாகவோ சங்கத்தின் வழியாகவோ அங்கே போகலாம்.

மருத்துவக் கருவிகளின் உயிரியல் பாதுகாப்பு உங்கள் துறை என்றால் பாரிஸே தேவையில்லை. அது ஐஎஸ்ஓ 10993 என்ற சர்வதேசத் தர வரிசை, இங்கே அதன் வாசல் பிஐஎஸ், அதாவது இந்தியத் தர நிர்ணய அமைவனம். அதற்காகச் சென்னை தரமணி அலுவலகத்தில் போய் நிற்க வேண்டாம். தரக் குழுக்களின் உறுப்பினர் செயலர்கள் டெல்லி தலைமையகத்தில் இருக்கிறார்கள். அந்தக் குழுக்களில் இடம் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில்தான், முதன்மை உறுப்பினர் ஒருவர், மாற்று உறுப்பினர் ஒருவர் என்று. உங்கள் நிறுவனத்துக்கு ஏற்கெனவே இடம் இருந்து, வேறு துறைக்காரர் யாரோ பெயருக்கு உட்கார்ந்திருக்கலாம். விசாரித்துப் பாருங்கள். தனிநபர் நிபுணராகவும் சேர்க்கிறார்கள். அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி என்ஓசி. முன்மொழிவுகள் அதிகம் சாவது இங்கேதான்.

நிறுவனம் கொடுக்கும் தடையின்மைச் சான்றில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். 'துறைத் தலைவர், நச்சியல் பிரிவு' என்று பதவியை மட்டும் போட்டால், நீங்கள் மாற்றலாகிப் போன மறுநாள் அந்த இடம் அடுத்து வருகிறவருக்குப் போய்விடும். அவர் மண்ணியல்காரராகக்கூட இருக்கலாம். 'கூட்டத்தில் கலந்துகொள்ள அனுமதி' என்று எழுதினால் அது ஒரு கூட்டத்தோடு முடிந்தது. ஒரு நெறியை எழுதி முடிக்கச் சில வருடங்கள் ஆகும், ஒவ்வொரு முறையும் புதுக் கோப்பு போட்டுக்கொண்டிருக்க முடியாது. 'இந்தத் திட்டம் முடியும் வரை, இணையவழிக் கூட்டங்களிலும் வரைவு வாசிப்பிலும் பங்கேற்க' என்று கேட்டு வாங்குங்கள். 'நிறுவனத்துக்குச் செலவில்லை' என்ற வரியையும் சேர்த்தால் கணக்குப் பிரிவைச் சுற்றாமல் கையெழுத்தாகும்.

அரசு ஊழியர்களையும் அரசுக் கட்டுப்பாட்டு நிறுவன ஊழியர்களையும் இன்னொரு வகையில் பயமுறுத்துவார்கள்: "எஃப்சிஆர்ஏ அனுமதி வாங்கினீர்களா?" அது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம். அந்தச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, வெளிநாடு போயிருக்கும்போது வெளிநாட்டார் செலவில் பயணம், தங்கல் போன்ற விருந்தோம்பலை ஏற்பது பற்றியது. வீட்டில் உட்கார்ந்து மடிக்கணினியில் கலந்துகொள்ளும் கூட்டத்துக்கு அது பொருந்தாது. நேரில் போக வேண்டி வந்து, செலவை வெளிநாட்டு அமைப்பு ஏற்றால் மட்டும் எஃப்சி-2 படிவம். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது அது போய்ச் சேர வேண்டும். டிக்கெட் போட்ட பிறகு ஞாபகம் வந்து பயனில்லை.

தன்விவரக் குறிப்பில் நாற்பது கட்டுரைப் பட்டியலை ஒட்டி அனுப்புகிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை. தேர்வு செய்கிறவர் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தச் சோதனையை இவர் கையால் செய்திருக்கிறாரா, எத்தனை முறை? 'ஓஇசிடி 439, எபிடெர்ம் திசு, இத்தனை சோதனை ஓட்டம், அவற்றில் இத்தனை செல்லாமல் போயின, காரணம் இன்னது' என்று இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். தோல்விக் கணக்கை மறைக்க வேண்டாம், குழுவுக்கு வேண்டியதே அதுதான். 439 என்பது விலங்குக்குப் பதில் செயற்கைத் தோல் திசுவில் எரிச்சலைப் பார்க்கும் சோதனை, எபிடெர்ம் அப்படிப்பட்ட ஒரு திசுவின் வணிகப் பெயர். அந்தத் திசு உயிருள்ள சரக்கு. சுங்கத்தில் இரண்டு நாள் கிடந்தால் எதிர்மறைக் கட்டுப்பாட்டின் (சோதனைப் பொருள் படாத திசுவின்) உயிர்ப்பைக் காட்டும் ஒளியடர்த்தி 0.8-க்குக் கீழே விழுந்து மொத்த ஓட்டமும் வீணாகலாம். திசு மறுநாளே வந்து சேரும் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை தெரியாது.

சொந்த நலன் அறிவிப்பில் 'இல்லை' என்று கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்காதீர்கள். உங்கள் ஆய்வகம் அந்தச் சோதனையைக் கட்டணத்துக்குச் செய்கிறதென்றால், அல்லது அந்தக் கிட்டில் உங்களுக்குக் காப்புரிமைப் பங்கு இருக்கிறதென்றால் எழுதிவிடுங்கள். எழுதியதற்காகவே பொதுவாக யாரையும் ஒதுக்குவதில்லை. மறைத்தது பின்னால் தெரியவந்தால், நீங்கள் கொடுத்த கருத்துகளையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

குழுவில் நுழைந்தபின் உண்மையான வேலை கருத்து எழுதுவது. ஒரு பொருளை வாய்வழி கொடுத்து உடனடி நச்சுத்தன்மை பார்க்கும் 423-ஆம் நெறியை எடுத்துக்கொள்வோம். சோதனையின் ஒரு படிக்கு மூன்று விலங்கு, பொதுவாகப் பெண் எலிகள். கிலோவுக்கு 5, 50, 300, 2000 மி.கி. என்று நிலையான அளவுகள், 14 நாள் கவனிப்பு. விலங்கு அறையின் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, அறை கழுவும் நேரம் தவிர 70-ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது, 50 முதல் 60-ஐக் குறிவைக்கவும் என்கிறது. திருத்தம் வரும்போது, 'கடலோர ஊர்களில் இது கடினம், பரிசீலிக்கவும்' என்று ஒருவர் எழுதினால் அது குறித்துக்கொள்ளப்பட்டது என்ற பதிலோடு முடிந்துவிடும். பத்தி எண், இப்போதுள்ள வாக்கியம், அதற்குப் பதிலாக நீங்கள் தரும் வாக்கியம், காரணம் என்று நான்கு கட்டத்தில் எழுத வேண்டும். காரணக் கட்டத்தில் உங்கள் அறையின் இரண்டு வருட ஈரப்பதப் பதிவும், அதே காலத்துக் கட்டுப்பாட்டு விலங்குகளின் எடைப் பதிவும் இருக்க வேண்டும். மாற்று வாக்கியம் தராத கருத்தைக் கையில் எடுக்கவே யாருக்கும் நேரமிருக்காது. முடிவுகள் ஒருமித்த சம்மதத்தில்தான் எடுக்கப்படுகின்றன. அதற்குக் காலம் பிடிக்கும். பாதி விலங்குகளைக் கொல்லும் அளவைக் கண்டறியும் பழைய எல்டி50 சோதனையான 401 நீக்கப்பட்டது 2002 கடைசியில்தான். மாற்று முறைகள் அதற்குப் பல வருடம் முன்பே தயாராகிவிட்டன.

இன்னும் குழுவில் இடம் கிடைக்காதவர்களும் சும்மா இருக்க வேண்டாம். பொதுமக்கள் கருத்துக்கு வரைவுகள் இணையத்தில் போடப்படுகின்றன. எங்கே, எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று அந்தப் பக்கத்திலேயே இருக்கும். மேலே சொன்ன நான்கு கட்ட முறையில் இரண்டு முறை நல்ல கருத்து அனுப்பி, அதன் நகலோடு ஒருங்கிணைப்பாளருக்கு எழுதினால், வெறும் பயோடேட்டாவைவிட அது பேசும்.

காசு கேட்பவர்களை நம்பாதீர்கள். முன்மொழிவுக்குக் கட்டணமே கிடையாது. 'சர்வதேச நிபுணர் சான்றிதழ்' என்று விற்கப்படுவதற்கும் இந்தக் குழுக்களுக்கும் சம்பந்தமில்லை. உள்வட்டத்துக்கு வரும் வரைவை வாட்ஸாப் குழுவில் போடுவதும் கூடாது. அப்படி வெளியே போனது தெரிந்தால் அடுத்த வரைவு உங்களுக்கு வராது.

நேரக் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர்களுக்கும் வசதியாகப் பாரிஸ் பகல் ஒரு மணிக்குக் கூட்டம் வைத்தால், நமக்குக் கோடையில் மாலை நாலரை, குளிரில் ஐந்தரை. புதிய திட்ட யோசனைகளுக்கான கெடு வழக்கமாக நவம்பர் நடுவில், ஒருங்கிணைப்பாளர்கள் கூடுவது ஏப்ரல் வாக்கில். ஆகவே என்ஓசிக் கோப்பை ஜூலையிலேயே நகர்த்துங்கள். கடிதத்தில் அலுவலக மின்னஞ்சலோடு சொந்த முகவரியையும் கொடுங்கள். ஓய்வுபெற்ற அன்றே அலுவலகக் கணக்கை மூடிவிடுவார்கள், வரைவுகள் அந்தப் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருக்கும்.